டீச்சரிடம் கேளுங்கள்: பால் வெட்டுவதை ஏன் 'டெப்' என்கிறார்கள்?

ஆங்கில வினைச்சொற்களில் குழப்பம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். விதவிதமான சொற்கள் வரும் என்று காத்திருந்தால், ஒரே சொல்லைச் சுற்றித்தான் நிறையக் கடிதங்கள்: டி, ஏ, பி என்று மூன்று எழுத்தில் எழுதும் 'டெப்' (tap). மரத்தில் பால் வெட்டுகிற மலேசிய ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது மிகவும் வேண்டிய சொல். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

நம் ஊர் வாயில் வருகிறபடி இங்கே 'டெப்' என்றே எழுதுகிறேன். அட்டைப்பெட்டி ஒட்டும் 'டேப்' (tape) வேறு. அதற்கு எழுத்து நான்கு, கடைசியில் ஈ வரும். அந்தக் குழப்பத்துக்கும் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

வணக்கம் டீச்சர். என் மகன் இரண்டாம் படிவம் படிக்கிறான். 'டெப்' என்றால் மெல்லத் தட்டுவது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். அடுத்த பாடத்திலேயே 'ரப்பர் டெப்பர்' என்று வந்துவிட்டது. "பாட்டி மரத்தைத் தட்டவா செஞ்சாங்க? வெட்டினாங்கதானே?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, சுங்கை சிப்புட்

'நீ கேட்டது ரொம்பச் சரி' என்று முதலில் அவனிடம் சொல்லுங்கள் அம்மா. பாட்டி மரத்தைத் தட்டவில்லை. ஆங்கிலத்தில் 'டெப்' என்று ஒரே எழுத்தில், ஒரே ஓசையில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. பிறந்த இடம் வேறு, பொருளும் வேறு. பெரிய அகராதிகளில் பார்த்தால் 1, 2 என்று எண் போட்டு இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள்.

முதல் 'டெப்' மிகப் பழைய ஆங்கிலச் சொல். மரப் பீப்பாயில் பீரும் திராட்சை மதுவும் நிரப்பி வைப்பார்கள். பீப்பாயில் ஒரு துளை இருக்கும், அதை அடைக்க ஒரு கட்டை முளை. அந்த முளைக்குத்தான் இந்தப் பெயர். முளையைப் பிடுங்கி உள்ளே இருப்பதை ஒழுகவிடுவதும் அதே பெயரில் வினையாகிவிட்டது. பிற்பாடு முளை இருந்த இடத்தில் திருகும் குழாய் வந்தது, பெயர் மாறவில்லை. நாம் 'பைப்பு' என்று சொல்கிற வீட்டுக் குழாயை ஆங்கிலேயர் 'டெப்' என்பது இப்படி வந்ததுதான். அமெரிக்கர்கள் குழாயை 'ஃபாசெட்' என்பார்கள். ஆனால் அதில் வரும் தண்ணீரை அவர்களும் 'டெப் வாட்டர்' என்றே சொல்வார்கள்.

இரண்டாவது 'டெப்' மெல்லத் தட்டுவது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததாகச் சொல்வார்கள். தோளில் தட்டுவது, மேசையில் விரலால் தட்டுவது, கார்டைத் தட்டுவது எல்லாம் இதைச் சேர்ந்தவை.

கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், முதல் சொல்லைச் சேர்ந்தது. ஆங்கிலேயன் மரத்தை ஒரு பீப்பாயாகப் பார்த்திருக்கிறான். உள்ளே பால் இருக்கிறது, திறந்தால் ஒழுகும். வேலை நடக்கிற விதத்தைக் கவனித்தால் இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். உளியால் பட்டையைச் சீவியதும் பால் மங்குக்கு (மரத்தில் கட்டிய கிண்ணத்துக்கு) ஓடிவருகிறது. சில மணி நேரத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. மரத்தில் பால் தீர்ந்துபோய் நிற்பதில்லை. பால்குழாய்களின் வாயில் பால் உறைந்து அடைத்துக்கொள்கிறது. மரமே தனக்கு முளை போட்டுக்கொள்கிறது! அடுத்த முறை வெட்டப் போகும்போது அந்த வெட்டில் காய்ந்த பால் நாடாவாக ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் உளி வைப்பார்கள். முளையைப் பிடுங்கித் திறக்கிற அதே வேலை.

பாட்டியின் வேலையைப் பற்றிப் பையன் கேட்கத் தொடங்கியிருக்கிறான். இதோடு நிறுத்திவிடாதீர்கள், முழுவதையும் சொல்லுங்கள். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, சுமார் 30 பாகைச் சரிவில் போகும். ஏன் அந்தப் பக்கம்? பட்டைக்குள் பால்குழாய்கள் நேர் செங்குத்தாக ஏறுவதில்லை. ஏறும்போது கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துகொள்ளும். அதனால் இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டில் அதிகக் குழாய்கள் அறுபடும், பாலும் கூடும். விடியும் முன்பே ஏன் போக வேண்டும்? இரவில் இலை வழியாகத் தண்ணீர் போவது மிகக் குறைவு, அதனால் பால்குழாய்களில் அழுத்தம் ஏறியிருக்கும். வெயில் ஏற ஏற அது இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் சீவுவது 1 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான பட்டை. பட்டைக்கும் உள்ளே, புதுப் பட்டையை வளர்க்கும் உயிர்ப்படலம் இருக்கிறது. உளி அதில் பட்டால் மரத்துக்குக் காயம். புதுப் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், அந்த இடத்தில் மறுபடி வெட்டுவது பெரும்பாடு. அதனால்தான் மரத்தில் காயம் இருக்கிறதா என்று கங்காணி வந்து பார்ப்பார்.

என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்தான். தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆளெண்ணும் இடத்துக்கு) போவார். எவ்வளவு பட்டை மிச்சம் இருக்கிறது என்பது அவருக்கு உளி போகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். இருட்டில் அத்தனை மரத்தையும் காயம் படாமல் வெட்டுகிற கையைப் 'படிக்காதவர் செய்கிற வேலை' என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

இந்த முறை நம் பக்கத்தில் உருவானதுதான். 1876இல் பிரேசிலிலிருந்து விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகள் நம் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. அந்தக் காலத்து மரம் ஒன்று அங்கே இன்றும் நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் எவ்வளவு தூரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பிரேசில் காடுகளில் கோடாரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் அடிபட்டுப் போகும். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பில் 1888இல் வந்த ஹென்றி ரிட்லி என்பவர்தான், பட்டையை மட்டும் மெல்லச் சீவி அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறக்கும் முறையை 1890களில் ஆராய்ந்து நிலைநாட்டினார். மரம் சாகாமல் வருடக்கணக்கில் பால் கொடுக்க ஆரம்பித்தது. ஊர் ஊராகக் கித்தாத் தோட்டங்கள் வந்ததும், நம் முன்னோரில் பெரும்பாலோர் கப்பலேறி வந்ததும் அதன் பிறகு நடந்தவை.

இன்னொன்றையும் பையனிடம் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும். தமிழில் நாம் 'வெட்டு' என்கிறோம். மலாயில் 'தோரே', அதுவும் கீறுவதுதான். இரண்டு மொழியும் கை செய்கிற வேலையைப் பார்க்கின்றன. ஆங்கிலம் ஒழுகி வருகிற பாலைப் பார்க்கிறது. இந்தோனேசியாவில் கித்தா வெட்டுவதற்கு 'மெஞாடாப்' என்பார்கள். தொலைபேசியை ஒட்டுக்கேட்பதற்கும் அங்கே அதே சொல்தான். ஆங்கிலத்திலும் அப்படியேதான் இருக்கிறது, கீழே வருகிறேன்.

இனி எந்த வாக்கியத்தில் 'டெப்' வந்தாலும் அவன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும்: இங்கே ஏதாவது வெளியே வருகிறதா, மேலே படுகிறதா? பெரும்பாலான இடங்களில் பதில் கிடைத்துவிடும்.

டீச்சர், அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. "நாளைக்கு டெப் பண்ணுவோம்" என்று டாக்டர் சொன்னார். பதற்றத்தில் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. என்ன செய்வார்கள்?
– வாசகர், தைப்பிங்

இந்தக் கடிதம் கைக்கு வந்ததுமே உங்களுக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன் தம்பி. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கேயும் போடுகிறேன்.

இதுவும் பீப்பாய் 'டெப்'தான், நீரை வெளியே எடுப்பது. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் நீர் சேர்ந்தால் நுரையீரல் விரிய இடம் இல்லாமல் மூச்சு முட்டும். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டு, விலா எலும்புகளுக்கு இடையில் ஊசி செலுத்தி நீரை எடுப்பார்கள். வயிற்றில் நீர் கோத்தாலும் இதே சொல்லைச் சொல்வார்கள். 'ஸ்பைனல் டெப்' என்றால் கீழ் முதுகில் ஊசி வைத்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரில் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பது. மூளைக்காய்ச்சல் சந்தேகம் வந்தால் அப்படிச் செய்வதுண்டு.

டாக்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். நீரை எடுப்பது பரிசோதனைக்கா, அப்பா மூச்சு விட வசதியாக இருக்கவா? எடுத்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்? நீர் திரும்பச் சேருமா? தமிழிலோ மலாயிலோ எதில் வருகிறதோ அதில் கேளுங்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நம்மவர்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அது வேண்டாம்.

அந்த டாக்டர் அப்பாவின் முதுகில் விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டிப் பார்த்திருப்பாரே, அதுவும் 'டெப்'தான், ஆனால் இரண்டாவது 'டெப்'. காற்று இருக்கிற இடம் ஒரு மாதிரி ஒலிக்கும், நீர் இருக்கிற இடம் மந்தமாக ஒலிக்கும். இந்த முறையை 1761இல் உலகத்துக்குச் சொன்னவர் ஆவுன்புருகர் என்கிற ஆஸ்திரிய மருத்துவர். அவருடைய அப்பா விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி, மது எதுவரை நிற்கிறது என்று கண்டுபிடிப்பதைச் சின்ன வயதில் அங்கே பார்த்துத்தான் மகனுக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள்.

பேப்பரில் 'ஃபோன் டெப்ட்' என்று போட்டிருந்தது. நண்பர் அதை 'டேப்ட்' என்று படித்து, பதிவு செய்தார்கள் என்று அர்த்தம் சொன்னார். இரண்டும் ஒன்றுதானே?
– வாசகர், ஈப்போ

ஒன்று இல்லை. 'டெப்' செய்வது, கம்பியில் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சை நடுவில் கிளை பிரித்து எடுத்துக் கேட்பது. 'டேப்' செய்வது, பதிவு செய்து வைப்பது. நாடா போட்டு ஒட்டுவதும் 'டேப்'தான். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போதே தந்திக் கம்பியில் இப்படிக் கிளை போட்டு எதிரியின் செய்தியைக் கேட்டிருக்கிறார்கள். கம்பிக்குள் செய்தி ஓடுகிறது, அதிலிருந்து வடித்து எடுக்கிறார்கள். எந்த 'டெப்' என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்த இரண்டு சொல்லும் ஒன்றாகச் சிக்கிக்கொண்ட ஒரு வழக்கு இருக்கிறது, அதை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1972 ஜூன் 17, வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடம். அங்கிருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில் தொலைபேசியை 'டெப்' செய்ய ஆட்கள் நுழைந்தார்கள். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளாமல் இருக்கத் தாழ்ப்பாளில் 'டேப்' ஒட்டியிருந்தார்கள். ஃபிராங்க் வில்ஸ் என்ற காவலாளி அதைப் பார்த்து உரித்துப் போட்டார். திரும்பச் சுற்றி வந்தபோது மறுபடியும் ஒட்டியிருந்தது, போலீசைக் கூப்பிட்டார். அதிபர் நிக்சன் தன் வெள்ளை மாளிகைப் பேச்சுகளையெல்லாம் 'டேப்' செய்துவைத்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. அந்தப் பதிவுகளே அவரைக் கவிழ்த்தன. 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். ஒரு காவலாளி தன் வேலையை ஒழுங்காகச் செய்ததில் தொடங்கிய கதை இது!

எழுதும்போது: 'டெப்' இறந்தகாலத்துக்குப் போனாலும் 'இங்' சேர்ந்தாலும் பி எழுத்து இரட்டிக்கும். 'டேப்' போகும்போது ஒரே பி. குறில் ஓசையும் கடைசியில் ஒற்றை மெய்யும் இருக்கிற சின்னச் சொற்களில் பெரும்பாலும் இப்படித்தான் இரட்டிக்கும். தொலைபேசி 'டேப்ட்' என்று ஒற்றைப் பி போட்டு எழுதினால், யாரோ அதை நாடாவால் சுற்றி ஒட்டிவைத்திருக்கிறார்கள் என்றும் படிக்கலாம். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதப்போகும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம்.

தட்டுவது என்பதற்கு எல்லா இடத்திலும் 'டெப்' போடலாமா டீச்சர்?
– நான்காம் படிவ மாணவி, கோலகங்சார்

முடியாதும்மா. தமிழில் 'தட்டு' ஒரு சொல்லே ஊரெல்லாம் சுற்றி வரும், ஆங்கிலத்தில் ஆளுக்கொரு வேலை. கதவை முட்டியால் தட்டினால் 'நாக்'. ஜன்னல் கண்ணாடியில் விரல் நுனியால் தட்டினால் 'டெப்'. 'நல்லா செஞ்சே' என்று உள்ளங்கையால் முதுகில் தட்டிக்கொடுத்தால் 'பேட்'. கை தட்டினால் 'கிளாப்'. கன்னத்தில் விழுந்தால் 'ஸ்லாப்'. பொறுமை இல்லாமல் காலால் தரையைத் தட்டிக்கொண்டு நிற்பது 'டெப்'. காலணிக்கு அடியில் உலோகத் தகடு வைத்துத் தாளம் போட்டு ஆடுவது 'டெப் டான்ஸ்'. பந்து கோல் வாசலுக்குப் பக்கத்தில் கிடக்க, லேசாகத் தொட்டு உள்ளே தள்ளினால் வர்ணனையாளர் 'டெப்-இன்' என்பார்.

தோளில் தட்டினாள் என்று எழுத, முதலில் ஆளைச் சொல்லு, அப்புறம் இடத்தைச் சொல்லு: 'ஷி டெப்ட் மீ ஆன் த ஷோல்டர்'. அந்த 'த' முக்கியம். இந்த அமைப்பில் 'ஆன் மை ஷோல்டர்' என்பதைவிட இதுதான் இயல்பு.

பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசியில் 'டெப்' என்று ஒரு இடத்தில் வருகிறது, 'பிரஸ் அண்ட் ஹோல்ட்' என்று இன்னொரு இடத்தில். நான் எல்லாவற்றையும் ஒரே மாதிரி அழுத்துகிறேன், ஏதேதோ திறக்கிறது.
– ஓய்வுபெற்ற வாசகி, சுங்கை சிப்புட்

அக்கா, 'டெப்' என்றால் விரல் நுனியால் ஒரு தொடு தொட்டு உடனே எடுத்துவிடுவது. அழுத்தவே வேண்டாம். 'பிரஸ் அண்ட் ஹோல்ட்' என்றால் விரலை வைத்து, ஏதாவது மாறும்வரை எடுக்காமல் இருப்பது. நீங்கள் அழுத்தி வைத்திருப்பதால்தான் வேறு பட்டியல் திறக்கிறது. 'டபுள் டெப்' என்றால் டக் டக் என்று இரண்டு தொடு. கடையில் கார்டை இயந்திரத்தில் வைப்பதும் 'டெப்'தான். 1997இல் 'டச் அன் கோ' கார்டு வந்ததிலிருந்து டோலில் நாம் செய்துகொண்டிருப்பதும் அதுவே.

பேப்பரில் பார்த்த மூன்று: 'அன்டெப்ட் டேலண்ட்', 'டெப் இன்டு சேவிங்ஸ்', 'டெப்ட் டு லீட்'. மூன்றுக்கும் மூன்று அர்த்தம் போல இருக்கிறதே?
– வாசகர், தாப்பா

முதல் இரண்டும் ஒன்றுதான். சேமிப்பை 'டெப் இன்டு' செய்வது என்றால் அதைத் திறந்து எடுத்துப் பயன்படுத்துவது. ஊழியர் சேமநிதிச் செய்திகளில் அடிக்கடி வரும். 'அன்டெப்ட்' என்றால் இன்னும் திறக்காதது. கித்தாக் கன்றை நட்டதும் வெட்டமாட்டார்கள். ஏறக்குறைய 6 ஆண்டு போய், மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டரை நெருங்கினால்தான் முதல் வெட்டு. அதுவரை அது 'அன்டெப்ட்'. பால் இல்லாத மரத்தை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். உள்ளே இருக்கிறது, இன்னும் யாரும் கை வைக்கவில்லை என்பதே பொருள். ஆகவே ஒரு பிள்ளையிடம் 'அன்டெப்ட் டேலண்ட்' இருக்கிறது என்று ஆசிரியர் அறிக்கையில் எழுதினால் அது குறை இல்லை, 'இந்தப் பிள்ளையிடம் திறமை இருக்கிறது, வெளியே கொண்டுவர ஆள் வேண்டும்' என்று அந்த ஆசிரியர் உங்களிடம் சொல்கிறார். போய் அவரைப் பாருங்கள்.

மூன்றாவது, தோளில் தட்டுகிற சொல். கூட்டத்தில் ஒருவரின் தோளைத் தொட்டு 'நீங்க வாங்க' என்று தேர்ந்தெடுப்பது. தலைமை தாங்கத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அர்த்தம். செய்தித் தலைப்பில் இடம் மிச்சம் என்பதால் நாளிதழ்களுக்கு இது பிடிக்கும். நீங்கள் விண்ணப்பக் கடிதம் எழுதும்போது இதைப் போட வேண்டாம், 'செலெக்டெட்' என்றே எழுதுங்கள்.

செம்பனை ஆலையில் ஃபிட்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். 'டெப் செட் எடுத்துவா' என்றார் மேற்பார்வையாளர். பைப்புத் திருகுவதா என்று நினைத்தேன்.
– இளைஞர், தெலுக் இந்தான்

துளைக்குள் மரை வெட்டும் கருவிதான் அந்த 'டெப்'. வெளியே, கம்பியின் மேல் மரை வெட்டினால் அது 'டை'. கைக்கருவி செட்டில் பெரும்பாலும் மூன்று இருக்கும். நுனி நன்றாகச் சரிந்தது முதலில், அப்புறம் இரண்டாவது, துளையின் அடிவரை மரை போக வேண்டுமானால் நுனி தட்டையாக இருப்பது கடைசியில். எம்10 (10 மில்லிமீட்டர் திருகு) சாதாரண மரைக்கு 8.5 மில்லிமீட்டர் துளை, எம்8க்கு 6.8. எண்ணெய் விட்டுத் திருப்புங்கள். கொஞ்சம் முன்னால் திருப்பி, சிறிது பின்னால் திருப்பினால் இரும்புச் சீவல் உடைந்து விழும். அவசரப்பட்டு ஒரே திருப்பாகத் திருப்பினால் கருவி துளைக்குள்ளேயே முறிந்து நிற்கும், அதை எடுப்பது பெரிய வேலை.

இதோடு ஒரு கூடுதல் தகவல். ஆணிவேருக்கு ஆங்கிலத்தில் 'டெப்ரூட்'. பீப்பாய் முளையைப் போல மேலே பருத்துக் கீழே கூம்பி இருப்பதால் அந்தப் பெயர். ஆங்கிலேயன் முளை என்றான், நாம் ஆணி என்றோம்.

என் மகள் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குக் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறாள். என் அப்பா தென்னை மரத்தில் கள் இறக்கியவர். 'டோடி டெப்பர்' என்று எழுதவா, 'தென்னந்தோட்டத் தொழிலாளி' என்று பொதுவாக எழுதிவிடவா என்று கேட்கிறாள். எனக்கும் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது டீச்சர்.
– வாசகர், பாகான் டத்தோ

'டோடி டெப்பர்' என்றே எழுதச் சொல்லுங்கள் ஐயா. சரியான தொழிற்பெயர் அதுதான். உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. கள்ளுக்கடை எத்தனை குடும்பங்களின் சம்பளத்தைக் குடித்தது என்று தோட்டத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். 1947இல் கெடா தோட்டங்களில் கள்ளுக்கடையை எதிர்த்து நம்மவர்களே திரண்டிருக்கிறார்கள். ஆனால் மரம் ஏறியவரின் வேலைத்திறன் வேறு விஷயம். அதைக் கள்ளுக்கடைக் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

நான் மேலே எழுதிய இரண்டு 'டெப்'பும் ஒரே கையில் சேருவது உங்கள் அப்பாவின் வேலையில்தான். விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் மெல்லத் தட்டுவார்கள். ஓங்கி அடித்தால் பாளை கெட்டுவிடும், தட்டாமல் விட்டால் சரியாகச் சுரக்காது. அது இரண்டாவது 'டெப்'. பாளை பதமானதும் நுனியை மெல்லிசாகச் சீவிப் பானையைக் கட்டுவார்கள், சொட்டுச் சொட்டாக இறங்கும். அது முதல் 'டெப்'. காலையும் மாலையும் ஏறி, ஒவ்வொரு தடவையும் நுனியைப் புதிதாகச் சீவ வேண்டும். பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீராக நிற்கும், தடவாவிட்டால் கள்ளாகும். எந்தப் பாளை எப்போது பதம் என்று தட்டுகிற கைக்குத்தான் தெரியும்.

வாக்கியம் இப்படி இருக்கட்டும்: 'மை கிராண்ட்ஃபாதர் டெப்ட் கோகனட் பாம்ஸ் ஃபார் டோடி'. பி இரண்டு போட மறக்க வேண்டாம். மரத்தை 'டெப்' செய்தார் என்றும் எழுதலாம், மரத்திலிருந்து கள்ளை 'டெப்' செய்தார் என்றும் எழுதலாம், இரண்டும் சரி. அதோடு விட்டுவிடாமல், தாத்தா எத்தனை மணிக்கு மரம் ஏறுவார், மழை நாளில் என்ன செய்வார், இடுப்பில் என்னென்ன கட்டிக்கொண்டு போவார் என்று உங்களிடம் கேட்டு இரண்டு மூன்று வாக்கியம் சேர்க்கச் சொல்லுங்கள். தேர்வு செய்கிறவர்கள் ஆயிரம் கட்டுரை படிப்பவர்கள், பாளை தட்டிய தாத்தாவைப் பற்றிப் படித்திருக்கமாட்டார்கள். எழுதி முடித்ததும் இதழின் முகவரிக்கு எனக்கு ஒரு படி அனுப்பச் சொல்லுங்கள், பிழை இருந்தால் திருத்தி உடனே அனுப்பிவைக்கிறேன்.